இருபது மைக்ரோ செக்கன்

தலவாக்கலை ஸ்டேஷனுக்கு மேலே
ஹார்ட்வெயார் கடை மாடியில் வாடகை அறை.
இரவு ஒன்பதரை.
மடிக்கணினிக்குள் ஒரு ரிசீவரைக்
கட்டிக்கொண்டிருக்கிறேன்.
கம்பி இல்லை, அண்டெனா இல்லை,
எல்லாம் எண்கள்.

அனுப்பியது நான்கே புள்ளி,
சதுரத்தின் நான்கு மூலை.
வந்து சேர்ந்தது
அரிதட்டில் தட்டிய கோதுமை மா.

காரணம் தெரியும்.
சமிக்ஞை ஒரு வழியாய் வருவதில்லை.
நேரே வந்தது ஒன்று,
பாறையில் பட்டுப் பிந்தியது ஒன்று,
அணைத் தண்ணீரில் வழுக்கி வந்தது இன்னொன்று.
ஏறும் அலையும் இறங்கும் அலையும்
சரிக்குச் சரியாய்ச் சந்தித்தால்
மிச்சம் பூச்சியம்.
இருவர் கத்த
ஒன்றும் கேட்காமல் போவது இப்படித்தான்.

திருத்த வேண்டுமென்றால்
இரண்டு பக்கமும் முன்பே அறிந்த ஒன்றை
முதலில் அனுப்ப வேண்டும்.
அதில் செய்தி கிடையாது.
அது எப்படிக் கெட்டு வருகிறது என்பதுதான் செய்தி.

அக்கா கூப்பிட்டாள், மேல் டிவிஷனிலிருந்து.
"சாப்பிட்டியா?"
அறுந்து, இரட்டித்து, தகரத்தில் உரசி வந்தது.
தினமும் வருகிற சொல்.
இன்றைக்கு எந்த எழுத்து தேய்கிறது என்று
அதை வைத்தே காது பிடித்துக்கொள்ளும்.
பிறகுதான் விஷயம்:
பதினெட்டரைக் கிலோ பறித்தாளாம்.
ஈரக் கொழுந்து என்று ரெண்டு கழித்தார்களாம்.
பதினெட்டுக்குக் கீழே.
அரைப்பேர்.

என் ரிசீவரும் அதைத்தான் செய்கிறது.
கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் ஒன்று,
அந்தப் பக்கம் சைபர்.
எவ்வளவு கிட்டே வந்தது என்று
அதற்குமேல் கேட்பதில்லை.

"கணக்கப்பிள்ளைகிட்ட கேட்டியா?"
பதில் இல்லை.
சத்தத்தைக் கூட்டினேன்.
அவள் பக்கத்து மழைதான் பெரிதாகியது.
கோடு அறுந்தது.

முந்தாநாள் கணினியிலும் இதே தவறு.
எங்கே அடங்குகிறதோ
அங்கே அத்தனை மடங்கு தூக்கு என்று எழுதியிருந்தேன்.
அடங்கியது எழும்பவில்லை,
இரைச்சல் யானையாய் வந்தது.
கொஞ்சம் பிழையைப் பொறுத்துக்கொள் என்று
சமன்பாட்டில் ஒரு உறுப்பைச் சேர்த்த பிறகே
புள்ளிகள் மூலைக்குத் திரும்பின.
இலட்சத்துக்கு ஒரு பிழை.
வரைபடம் அழகு. சேருக்கு அனுப்பலாம்.

ஜன்னலைத் திறந்தேன், காற்றுக்குத்தான்.

எதிரே மலை.
கறுப்பு வானத்தில் அதைவிடக் கறுப்பு.
நான் எழுதிய மலைகள்
நாலு மைக்ரோ செக்கனுக்குள் நிற்பவை.
பகடையில் விழுந்தவை.
விதை எண் முந்நூற்றுப் பதினேழு,
அக்காவின் செக்ரோல் இலக்கம்.
எத்தனை தடவை ஓட்டினாலும் அதே மலை, அதே மழை.
இதுவோ மூன்று கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது.
போய்வர ஆறு.
இருபது மைக்ரோ செக்கன்.
என் ஈக்வலைசருக்குப் பதினோரு கை.
பதினொன்றும் மடங்கிய பிறகு
அந்த எதிரொலி வந்து
வேறொரு சொல்லின் தலையில் விழும்.

பதினொன்றை அழித்து இருபத்தைந்து என்று போட்டேன்.
இருபதாவது இடத்தில் ஒரு மலையை வைத்தேன்.
ஓட்டினேன். மா.
படியைக் குறைத்தேன், அவசரப்பட்டால் சிதறுகிறது.
மெதுவாய்க் கற்கட்டும்.
விசிறி சுழல்கிறது. நாலு சதவீதம்.

கீழே ஒரு ரயில் உலுக்கிக்கொண்டு கிளம்பியது,
யன்னல் வெளிச்சங்கள் சுவரில் ஓடி முடிந்தன.
அக்காவை நான் எடுத்தேன்.
மூன்று தடவை படாமல், நாலாவதில் பட்டது.

"சாப்பிட்டியா?" என்றேன், இந்தத் தடவை நான்.

வழக்கமாய் "ம்" என்று வரும்.
அதற்குத்தான் காது தயாராயிருந்தது.

"இல்ல."

ஒரு பிழையும் இல்லாமல் வந்து சேர்ந்தது.